மூன்றாம் ஓலை

ஜெனிட்டாவுக்கு மலை மேல் ஒரு கோயில் வேண்டும். கத்தோலிக்கக் கோயிலாக இருக்க வேண்டும், கட்டுப்படியாகிற கோயிலாகவும் இருக்க வேண்டும். மண்ணரைப் பகுதியில் காம்பவுண்டு வீட்டில் குடியிருந்துகொண்டு, பனியன் கம்பெனி ஆபீஸில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறவளுக்கு இந்த ஆசை எதற்கு என்று கேட்டவர்களிடம் அவள் ஒரே பதிலைச் சொன்னாள்.

"இப்பெல்லாம் டெஸ்டினேஷன் வெட்டிங்தாங்க. ஒருக்கா நடக்கற கல்யாணம்."

பெண்ணுக்குத் தலைக்கனம் என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டார்கள். வெறும் தலைக்கனமாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. அவளுக்கு வேண்டியது மலையும் இல்லை, மூடுபனியும் இல்லை. அவிநாசிபாளையத்திலிருந்து ஒரு ஆள் நினைத்தவுடன் பஸ் பிடித்து வந்து சேர முடியாத தூரம் வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஆள் அவளுடைய அப்பா சூசைமிக்கேல். அவிநாசிபாளையத்தில் ஒரு பேக்கரியில் கிளாஸ் கழுவுகிறார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, நெருப்பெரிச்சல் ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். வலது கைக் கட்டைவிரலில் பாதியை மெஷினுக்குக் கொடுத்த பிறகும் அவர் வெட்டிய துணியில் பிசிறு இருக்காது. குடிதான் அவரை முதலில் கம்பெனியிலிருந்தும் பிறகு வீட்டிலிருந்தும் வெளியே தள்ளியது. ஒரு நாள் கைலி அவிழ்ந்தது தெரியாமல் ஜெனிட்டாவின் ஆபீஸ் கேட்டில் வந்து நின்று, மகள் பெயரைச் சொல்லிக் கத்தினார். உள்ளே ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டு பையர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாருங்க அது என்று வாட்ச்மேன் கேட்டபோது, "யாருன்னு தெரியலீங்க" என்றாள் ஜெனிட்டா.

அந்த ஒரு வாக்கியம் அவளுக்கு வசதியாகப் போய்விட்டது. கோயம்புத்தூரிலிருந்து மாப்பிள்ளை கிளமெண்டின் அம்மா ஆக்னஸ் டீச்சர் பெண் பார்க்க வந்து, அப்பா எங்கே என்று கேட்டபோது, "இறந்துட்டாருங்க" என்று சொல்ல நாக்கு தயங்கவே இல்லை. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்திலிருந்த அம்மா பிரகாசியம்மாள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அதுவும் பொய்தான்.

அவர்கள் போன பிறகு வாய் திறந்தது.

"உசுரோட இருக்க மனுசன இப்படிக் கொன்னுட்டியட்டி."

"நீ அப்பவே மறுத்துச் சொல்லியிருக்கலாமில்ல?" என்று ஜெனிட்டா கேட்டாள்.

பிறகு கோயில் வேட்டை தொடங்கியது. ஒரு மலைக்கோயிலில் தங்கள் பங்கைச் சேர்ந்த, அதாவது அந்தக் கோயிலுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டும்தான் திருமணம் என்றார்கள். இன்னொன்றில் மண்டபம், அலங்காரம், சாப்பாடு எல்லாம் அவர்கள் சொல்லும் ஆளிடம்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். தொகையைக் கேட்டதும் தேங்க்ஸ் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். ஒரு ரிசார்ட்காரர், கோயில் இல்லாவிட்டால் என்ன மேடம், கோயில் மாதிரியே செட் போட்டுத் தருகிறோம் என்றார்.

"நாம என்ன படமா எடுக்கப் போறோம்?" என்றாள் பிரகாசி. "அட்டைக் கோயில்ல தாலி கட்டுனா அட்டைக் குடும்பந்தான் நடத்தணும்."

கடைசியில் கோத்தகிரிக்கு மேலே, தேயிலை எஸ்டேட்காரர்களுக்காகக் கட்டிய ஒரு சின்னக் கோயில் கிடைத்தது. அங்கிருந்த வயதான சாமியார் போனிலேயே சம்மதித்துவிட்டார்.

"கோயிலுக்கு வாடகையெல்லாம் கிடையாதும்மா. பாட்டு பாடுற பிள்ளைகளுக்கும் பூவுக்கும் ஏதாவது குடுங்க, போதும். உங்க பங்குல மூணு ஞாயிறு ஓலை வாசிச்சு, தடையில்லைன்னு கடிதம் வாங்கிட்டு வந்திருங்க."

இன்னாருடைய மகளுக்கும் இன்னாருடைய மகனுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று, மூன்று ஞாயிறு பூசையில் எல்லார் காதிலும் விழ அறிவிப்பதுதான் ஓலை. கல்யாணத்தை எந்த மலை உச்சியில் வைத்துக்கொண்டாலும் ஓலை உள்ளூர்க் கோயிலில்தான். அத்தனை கோயிலுக்குப் போன் போட்டவள் இதை மறந்துபோனாள். ஞானஸ்நானத்திலிருந்து கோயிலிலேயே வளர்ந்தவள் மறக்கிற விஷயமா இது?

உள்ளூர்ப் பங்குக்குப் புதிதாக வந்திருந்த சாமியாருக்கு இவர்கள் குடும்பத்தைத் தெரியாது. அப்பா போன பிறகு மண்ணரைக்குக் குடிவந்தவர்கள் என்பதால் கோயிலில் வேறு யாருக்கும் அவரைத் தெரியாது.

"அப்பா இருக்காரா?" என்று கேட்டார்.

கிளமெண்டின் பங்கிலும் இதே ஓலையைத்தான் வாசிப்பார்கள். அங்கே செத்தவர் இங்கே உயிரோடு இருக்க முடியாது.

"இறந்துட்டாருங்க ஃபாதர்."

பிரகாசி சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஞாயிறு, பூசை முடிகிற நேரத்தில் சாமியார் ஓலை வாசிக்க எழுந்தார். ஜெனிட்டா சும்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கடைசி பெஞ்சுக்குப் பின்னால், வாசல் ஓரமாகச் சூசைமிக்கேல் நின்றிருந்தார். முகம் மழித்து, வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் வரை போட்டு, நிதானமாக நின்றார். பழைய கட்டிங் டேபிள் கூட்டாளி இசக்கிமுத்து சொல்லித்தான் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மகளுடைய ஓலையைக் கேட்க வந்திருந்தார்.

"காலஞ்சென்ற சூசைமிக்கேல், பிரகாசியம்மாள் ஆகியோரின் மகள் ஜெனிட்டாவுக்கும்..."

அவர் தலை நிமிர்ந்தது. சாமியாரைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். கோபமாக ஒரு பார்வை பார்த்திருந்தால் ஜெனிட்டா பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பாள். அவரோ வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ தெரியாமல் நுழைந்துவிட்டவர் போலக் கூச்சத்தோடு சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போனார். ஜெனிட்டாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் நல்லது என்று நினைத்தாள்.

வெட்கம் அன்று ராத்திரிக்குள் பயமாக மாறிவிட்டது. அவர் சாமியாரிடம் போய் நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லிவிட்டால்? டீச்சர் காதுக்குப் போனால்? கல்யாணம் நின்றே போகும். இப்படித் தன்னைப் பற்றி மட்டுமே யோசிக்கிறோமே என்றும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அதையேதான் யோசித்தாள்.

இரண்டாம் ஞாயிறு அவர் வரவில்லை. ஆனால் கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார் அவளைக் கூப்பிட்டார்.

"ஏங் கண்ணு, வெள்ளச் சட்டை போட்ட ஒருத்தரு நேத்து வந்து ஃபாதரைப் பாத்துட்டுப் போனாருங்க. உங்க ஓலையப் பத்தியும் கேட்டாரு."

என்ன சொன்னார் என்று சாமியாரிடம் போய்க் கேட்க அம்மாவுக்கும் மகளுக்கும் தைரியம் வரவில்லை. அந்த வாரம் முழுக்கப் போன் அடிக்கும்போதெல்லாம் ஜெனிட்டா டீச்சராக இருக்குமோ என்று பதறினாள்.

மூன்றாம் ஞாயிறு டீச்சர் நேரிலேயே வந்துவிட்டார். கடைசி ஓலையைப் பெண்வீட்டுக் கோயிலில் கேட்கலாம் என்று ஆசையாம். ஜெனிட்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மணி அடித்தது. சாமியார் பீடத்துக்கு வந்து, அன்றைய பூசை யாருக்காக என்று அறிவித்தார்.

"இன்றைய திருப்பலி, காலஞ்சென்ற சூசைமிக்கேல் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கல்யாணத்துக்கு முன்னாடி அப்பாவுக்குப் பூசை வெச்சிருக்கியே கண்ணு. இந்த மனசு யாருக்கு வரும்?"

ஜெனிட்டாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் சாமியாரிடம் போனது காட்டிக் கொடுக்க இல்லை. மகள் சொன்ன பொய்யில் ஓட்டை விழாமல் இருக்க, தனக்குத் தானே செத்தவர் பூசை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பிரகாசி முக்காட்டை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. அவருடைய ஆன்மாவுக்காக எல்லாரும் மன்றாடினார்கள். டீச்சர் கண்ணை மூடி உருகி மன்றாடினார். ஜெனிட்டாவும் வாய் அசைத்தாள்.

ஓலையும் வாசித்தாயிற்று. யாரும் தடை சொல்லவில்லை. பூசை முடிந்து, அவள் கையைப் பிடித்தபடியே டீச்சரும் வெளியே வந்ததும் உபதேசியார் எதிரே வந்தார்.

"பூசை குடுத்தவரு இன்னிக்கு வருலீங்களா கண்ணு? அதானுங்க, கட்டவெரலு பாதி இல்லாதவரு. கல்யாணம் எந்தக் கோயில்லன்னு கேட்டாரு. கோத்தகிரிக்கு மேலீங்க, ரொம்பத் தூரம்னு சொன்னனுங்க. 'தூரமா இருக்கதுதான் நல்லது'ன்னுட்டுப் போயிட்டாரு."

"யாரு கண்ணு அது?" என்று டீச்சர் கேட்டார்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஜெனிட்டா வாயைத் திறந்தாள். ஆனால் பழகின வார்த்தை முந்திக்கொண்டது.

"யாருன்னு தெரியலீங்க அத்தை."

சொன்னதைத் தன் காதாலேயே கேட்டு அவளுக்கு முகம் எரிந்தது. டீச்சரின் கைக்குள் இருந்த கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

பிரகாசியம்மாள் முக்காட்டை எடுத்தாள்.

"எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள். "அது எம் வீட்டுக்காரரு. உசுரோடதான் இருக்காவ."