இடப்பக்கத்து ஸலாம்

வேலம்பாளையத்து லைன் வீடுகளில் சேக் தாவூதின் வீடு மட்டும் உள்ளுக்குள்ளேயே வளர்ந்துகொண்டு போனது. வெளியிலிருந்து பார்த்தால் மற்ற வீடுகளைப் போலவேதான்: ஒரு முன்னறை, ஒரு சமையலறை, பின்னால் தண்ணீர் டிரம் வைக்க ஒரு சந்து. உள்ளே போனால் முன்னறையிலிருந்து சமையலறைக்குப் போய்ச் சேருவதற்குள் ரேடியோவில் ஒரு பாட்டு முழுதாக ஓடி முடிந்துவிடும். தாவூது பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ச் டேப்பை எடுத்து அளந்து பார்த்தார், டேப் போதவில்லை. வீட்டுக்காரர் தங்கவேலு தெருப்பக்கமாக அளந்துவிட்டு, "வெளிய பழைய அளவுதானுங்க வருது. உள்ள வளந்ததுக்கு நான் எப்பிடீங்க வாடகை ஏத்தறது?" என்று வருத்தத்தோடு போனார். பக்கத்து வீட்டு ஜெயசுதா காலையில் கறிவேப்பிலை கேட்டு உள்ளே போனவள், வழி தெரியாமல் சுற்றிவிட்டு, மத்தியானம் கறிவேப்பிலையோடு வெளியே வந்தாள். அவிய ஊட்டுக்குள்ள போறதுன்னா செருப்புப் போட்டுட்டுப் போங்க என்று அதன்பிறகு எல்லோருக்கும் சொல்லி வைத்தாள்.

ஜின் வேலை என்றார்கள் சிலர். சாயப்பட்டறைத் தண்ணீர் அடிமண்ணில் இறங்கியதால் என்றார்கள் சிலர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. உண்மையில் அந்த வீட்டில் பேச்சுக் குறையக் குறைய இடம் கூடியது, அவ்வளவுதான். மகன் ஜாவித் மஸ்கட்டுக்குப் போன வருஷம் ஒரு முழம், மகள் மஹ்னூரைச் சோமனூரில் கட்டிக்கொடுத்த வருஷம் இன்னும் இரண்டு முழம் என்று ஆரம்பித்தது. தாவூதுக்கும் அவர் மனைவி ஷரீபுன்னிசாவுக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. நாலு சண்டை பிடித்திருந்தால் அந்த வீடு தப்பித்திருக்கும். அவர் ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு வருவார், சாப்பிடுவார், பள்ளிவாசலுக்குப் போவார், படுப்பார். அவள் சமையலறையில் உட்கார்ந்து கம்பெனி பண்டலைப் பிரித்துப் பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பாள். தட்டை மூடிவைத்தாலே தெரிந்துவிடும் என்பதால் "சாப்பிட வாங்க" போனது. அவரே பக்கத்தில் சொம்பை வைத்துக்கொண்டதால் "தண்ணி கொண்டா" போனது. கடைசியில் ஸலாமும் போனது. வாசலில் நுழையும்போது அவர் சொன்னது அவளுக்கு எட்டவில்லை, அவள் சொன்ன பதில் அவருக்கு எட்டவில்லை. எதிராளிதான் நிறுத்திவிட்டார் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த வீட்டில் ஷரீபுன்னிசா பட்ட தனிமையைச் சொல்லி மாளாது. ஆளில்லாத வீட்டில் தனியாக இருப்பது ஒரு மாதிரி. ஆள் இருக்கும் வீட்டில் தனியாக இருப்பது வேறு. அவர் இருமுவது சிலசமயம் கேட்கும், எந்தப் பக்கமிருந்து என்று தெரியாது. நேரம் தவறாமல் தொழுதாள், ஆனால் கையேந்தும்போது கேட்க ஒன்றும் வாய்க்கு வரவில்லை. அல்லாவும் இப்படித்தான் பக்கத்து அறையில் இருந்துகொண்டு வாய் திறக்காமல் இருக்கிறானோ என்று ஒருநாள் நினைத்தாள். நினைத்ததற்குப் பயந்து அழுதாள். பிறகு மஹ்னூருக்குப் போன் போட்டு, "நான் அங்கயே வந்தர்றேன் கண்ணு. இனி இங்க திரும்பறதா இல்ல" என்றாள்.

"அத்தா கூடச் சண்டையாம்மா?"

"சண்டை போடற தூரத்துல அவிய இல்ல கண்ணு."

சாயங்கால பஸ்ஸைப் பிடிப்பதற்காக மத்தியானச் சாப்பாடு முடிந்ததுமே பையை எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து புறப்பட்டாள். வாசல் வந்தபாடில்லை. நடந்துகொண்டிருக்கும்போதே சாயங்காலத்து அஸர் பாங்கு கேட்டது, பொழுது இறங்கி மஃரிபு பாங்கும் கேட்டது. அன்று தாவூதுக்கு முழங்கால் வீங்கியிருந்ததால் வேலைக்கும் போகவில்லை, பள்ளிவாசலுக்கும் போகவில்லை. முன்னறையிலேயே முஸல்லாவை விரித்துத் தொழுதுகொண்டிருந்தார். காலையில் கட்டிவைத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார் என்றே அவள் நினைத்திருந்தாள். தொழுகை முடிவில் வலப்பக்கம் திரும்பி ஸலாம் சொன்னார். தனியாகத் தொழுபவர் அதை மெல்லத்தான் சொல்வார். அத்தனை பெரிய அறையில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்பதால் அவர் உரக்கச் சொல்லிவிட்டார். அந்த ஸலாம் இரண்டு தோளிலும் இருக்கும் வானவர்களான மலக்குகளுக்கு உரியது. பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. ஆனால் ஷரீபுன்னிசா வருஷக்கணக்கில் அவர் வாயிலிருந்து ஸலாம் கேட்டதில்லை. ஸலாம் சொல்வது நபிவழியான சுன்னத்து, பதில் சொல்வது கடமை என்று ஓதிப்படித்தவள். வீட்டைவிட்டுப் போகிறவளாக இருந்தாலும் கடமை கடமைதானே. பையைக் கீழே வைக்காமலே, "வ அலைக்குமுஸ்ஸலாம்" என்றாள்.

மலக்குதான் பதில் சொல்லிவிட்டது என்று தாவூது நினைத்தார். இடப்பக்கம் திரும்ப வேண்டியது பாக்கி இருந்தது. திரும்பிச் சொன்னார், இந்தமுறை கொஞ்சம் நடுங்கி. "வ அலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு" என்று முழுசாகப் பதில் வந்தது. அது மலக்கு இல்லை, தன் மனைவி என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஷரீபு, எங்க இருக்கறே?"

"இங்கதானுங்க."

"இங்கன்னா எங்க?"

"தெரியலீங்களே."

"பேசிட்டே வா. சத்தத்தப் புடிச்சுட்டு வந்தர்லாம்."

"என்னத்தங்க பேசறது?"

அவருக்கும் தெரியவில்லை. ரொம்ப யோசித்து, "மத்தியானம் என்ன கொழம்பு?" என்று கேட்டார். அவர் சாப்பிட்ட குழம்புதான். அவள் புளிக்குழம்பு என்றாள். உப்புத் தூக்கலாகப் போய்விட்டது என்றாள். தூக்கலாவெல்லாம் இல்லை என்றார் அவர். இருந்தது, நீங்கள் சொல்லாமல் தின்றுவிட்டீர்கள் என்றாள் அவள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டே அவள் வந்து சேர்ந்தாள். தரையில் விரித்திருந்த முஸல்லாவைப் பார்த்ததும், தொழுகை ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்ட தப்பு புரிந்து அவள் முகம் சுருங்கிப்போனது.

"தொழுதுட்டிருந்தீங்களா?"

அவள் கையிலிருந்த பையைத் தாவூது பார்த்தார். "உனக்குத்தான் சொன்னேன்" என்றார். முஸல்லாவில் உட்கார்ந்துகொண்டு அவர் பொய் சொன்னது தெரிந்தவரை அந்த ஒருமுறைதான். அவள் உட்கார்ந்தாள். சோமனூர் பஸ் போய்விட்டிருந்தது.

வீடு அதற்குமேல் வளரவில்லை, சுருங்கவும் இல்லை. அவள் கொண்டுவரும் டீ வந்து சேர்வதற்குள் ஆறித்தான் போகிறது, அவர் குடிக்கப் பழகிக்கொண்டார். கடமையான பர்ளுத் தொழுகையைப் பள்ளியில் தொழுதுவிட்டு, சுன்னத்துத் தொழுகையை வீட்டுக்கு வந்து தொழுகிறார். வலப்பக்கத்து ஸலாமை மெல்லச் சொல்கிறார். இடப்பக்கத்து ஸலாமை, சமையலறை அந்தப் பக்கம் என்பதால், உரக்கச் சொல்கிறார். அவள் வீட்டுக்குள் எங்கே இருக்கிறாள் என்பதைப் பொறுத்துப் பதில் வர நேரமாகும். வரும்வரைக்கும் அவர் முஸல்லாவை மடிப்பதில்லை.