ஆயுத பூசையிலை அம்பிட்ட தோட்டாத் தட்டு

என்ரை மனிசனுக்கு "ஏலாது" எண்டு சொல்லத் தெரியாது. அதாலை வந்த வினைதான் இது.

எண்பத்தாறாம் ஆண்டு ஒக்டோபர். கொலோனுக்குப் பக்கத்திலை ஒரு சின்ன ஊரிலை, ஹெர் பிரிங்மன் எண்ட கிழவன்ரை வீட்டு மேல்மாடி அறையிலை இருந்தனாங்கள். எனக்கு எட்டு மாசம். அதுக்கு முதல் இருந்த, அகதியளைத் தங்க வைக்கிற ஹைமிலை எட்டுக் குடும்பத்துக்கு ஒரு குசினி, ஒரு கக்கூசு. வயித்தையும் தூக்கிக்கொண்டு வரிசையிலை நிண்டு எனக்குச் சீவன் போச்சுது. ஆடியிலை இந்த அறை கிடைச்ச அண்டு கட்டிலிலை இருந்து அழுதனான்.

பிரிங்மன் நல்ல மனிசன்தான். ஆனால் அந்த ஊர்த் துவக்குச் சுடுற கழகத்திலை பெரிய ஆள். கீழ் நிலவறையிலை தோட்டா நிரப்பிற மெசின் ஒண்டு வைச்சிருந்தது. கைபிடியை ஒருக்கால் இழுத்தால் வட்டத் தட்டு ஒரு படி சுத்தும். ஒரு பக்கத்தாலை வெறும் பித்தளைக் கோது ஏற, மற்றப் பக்கத்தாலை முழுத் தோட்டா விழும். கடைத் தோட்டாவை அந்த மனிசன் ஏறெடுத்தும் பார்க்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வருசக் கடைசிப் போட்டி, பெரிய கலிபர் துவக்குக்கு, தோட்டாவும் பெரிசு. மெசினோ சின்னக் கலிபருக்குப் பூட்டிக் கிடக்கு. மாத்த வேணும். எங்கடை முறுக்கு உரலுக்கு அச்சு மாத்திற மாதிரித்தான், ஆனால் இதிலை தட்டு, அச்சு, வெடிமருந்து விழுற புனல் எல்லாத்தையும் மாத்த வேணும். பிரிங்மனுக்குக் கண்ணிலை ஒப்பரேசன் செய்து ஒரு மாசம், திருகாணி தெரியாது. உடனை என்ரை இவரைக் கேட்டிருக்கு. இவர் ஊரிலை வேர்க்சொப்பிலை மெசின் பூட்டிற பிட்டர். "அதுக்கென்ன, செய்யலாம்" எண்டு சொல்லிப்போட்டு வந்து நிக்கிறார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"இஞ்சரப்பா, உங்களுக்கென்ன விசரோ? துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்து அகதி எண்டு கேட்டுக்கொண்டு, இஞ்சை தோட்டாவுக்கு மெசின் பூட்டப் போறியளோ? பொலிசு கண்டால்?"

"மருந்து போடுறது அந்தாள். அதுக்கு அவரிட்டை லைசென்ஸ் இருக்கு. நான் திருகாணிதான் பூட்டுறது."

"ஓம், பொலிசுக்கும் அப்பிடியே சொல்லுங்கோ. தமிழிலை சொல்லுங்கோ, வடிவாய் விளங்கும்."

சனிக்கிழமை ஆயுத பூசை. விடியவே இவர் நிலவறைக்கு இறங்கிச் சின்னக் கலிபர்ச் சாமான் எல்லாத்தையும் கழட்டிப்போட்டார். பெரிய கலிபர்த் தட்டு பழைய கிரீசு காய்ஞ்சு கறுத்துப் போயிருந்ததாம். கழுவ எண்டு குசினிக்குக் கொண்டு வந்தார். நான் அவல், கடலை, சக்கரைப் பொங்கல் எண்டு நாரி முறிய நிக்கிறன். கழுவித் துடைச்ச தட்டு, பூ இதழ் வெட்டின மாதிரி ஓரத்தோடை பளபளவெண்டு வந்தது. பார்க்க வடிவுதான், பொய் சொல்லேல்லை.

மத்தியானம் பூசைக்கு அடுக்கினம். என்ரை கத்தரிக்கோல், அரிவாள், தோசைத் தட்டகப்பை. இவர் வேர்க்சொப் பழக்கத்திலை, அண்டு கைபட்ட ஆயுதம் ஒண்டு விடாமல் கொண்டு வந்து வைச்சார். நட்டுக் கழட்டிற சாவி, குறடு, திருகாணி முறுக்கி, நடுவிலை அந்தத் தட்டு. சந்தனம் பூசி, குங்குமம் வைச்சு, கற்பூரம் காட்டி, தேவாரமும் பாடி முடிச்சாப் பிறகுதான் இவற்றை முகம் வெளிறினது.

"ஐயோ, தட்டு."

பூசையிலை வைச்ச ஆயுதத்தை விசயதசமி விடியும் மட்டும் தொடக்கூடாது. போட்டியோ ஞாயிறு காலமை, தோட்டாவைச் சனி இரவே நிரப்பி முடிக்க வேணும். ஊரிலை இவரோடை வேலை செய்த ஒருத்தன் அவசரத்துக்குப் பூசையிலை இருந்த சுத்தியலை எடுத்து, அடுத்த கிழமை விரலை நசிச்சவனாம். அந்தக் கதையை எனக்குக் கலியாணம் முடிச்ச நாள் தொட்டுச் சொல்லுறார்.

எனக்கு உள்ளுக்கை நல்ல சந்தோசம். சாமியே பார்த்து அந்தக் கண்டறியாத வேலையை நிப்பாட்டிப்போட்டுது எண்டு நினைச்சன். நிம்மதியாய் ஒரு கை அவல் அள்ளித் திண்டன்.

பின்னேரம் பிரிங்மன் ஏறி வந்தது. இவர் தனக்குத் தெரிஞ்ச டொச்சுப் பாசையிலை, சாமி, சந்தனம், நாளைக்கு எண்டு கையைக் காலை ஆட்டி விளங்கப்படுத்தினார். கிழவன்ரை முகம் பீற்றூட்டாய்ச் சிவந்தது.

"நாளைக்கு நான் வெறும் பெட்டியோடை போய் நிண்டால், திங்கக்கிழமை நீங்கள் வேறை அறை பாருங்கோ" எண்டு கதவை அடிச்சுச் சாத்திப்போட்டுப் போச்சுது.

மிச்ச அவலை மூடி வைச்சன். திரும்பவும் அந்த ஹைம், அந்த வரிசை, பச்சைப் பிள்ளையோடை.

"எடுங்கோ அந்தத் தட்டை" எண்டன்.

"நீதானே தோட்டா வேண்டாமெண்டனி?"

"அது காலமை. இப்ப எடுங்கோ."

"சாமி குத்தம், கமலா."

பூசைக் கடலை தின்ன வந்த, ஹைமிலை எங்களோடை இருந்த ஜேசுரட்ணம் அண்ணை மூலையிலை இருந்தார். அவர் கத்தோலிக்கர். எனக்கு மூளை வேலை செய்தது.

"அண்ணை, உங்களுக்கு எங்கடை சாமி குத்தம் ஒட்டாது. நீங்கள் எடுத்துத் தாங்கோவன்."

அவர் கடலையை விழுங்கிப்போட்டுச் சொன்னார்: "தங்கச்சி, உங்கடை சாமிக்கு நான் பயப்பிடேல்லை. அது தோட்டாச் சாமான். எனக்கு வாற கிழமை அகதி விசாரணை இருக்கு." சொன்ன கையோடை சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போயிட்டார்.

சுவரிலை ஊர்க் கலண்டர் தொங்கினது. மணிக்கூட்டைப் பார்த்தன். இரவு ஏழே முக்கால்.

"இஞ்சரப்பா, ஊரிலை இப்ப என்ன நேரம்?"

"நடுச்சாமம் பன்ரண்டேகால்."

"அப்ப என்ன கிழமை?"

இவர் முழிச்சார். "ஞாயிறு."

"இந்தக் கலண்டர் எந்த ஊருக்கு அடிச்சது? சாமி எந்த ஊர்ச் சாமி? எங்களோடை வந்து அகதி கேட்டதோ? அங்கை விசயதசமி பிறந்திட்டுது."

"விடிய வேணுமடி."

"விடிய வேணுமெண்டு சாமி சொன்னதோ, உங்கடை வேர்க்சொப் போர்மன் சொன்னவரோ?"

இவர் கலண்டரை ஒருக்கால் பார்த்தார். பேந்து திரும்பவும் கற்பூரம் கொளுத்தினார். கன்னத்திலை போட்டுக்கொண்டு தட்டை எடுத்தார். இதழ் இதழாய் இறுகின சந்தனத்தை நான்தான் ஈர்க்கிலாலை கிண்டிக் கிண்டி எடுத்தனான். தோட்டாவுக்குப் பயந்து செத்தவள், வயித்தைப் பிடிச்சுக்கொண்டு இருந்து தோட்டா மெசினுக்குத் துப்பரவு செய்யிறன். என்ரை அம்மா கண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பா.

இவர் தட்டைப் பூட்டி, அச்சு, புனல் எல்லாம் மாத்திக் குடுத்தார். பிரிங்மன் மருந்தை அளந்து போட்டுக் கைபிடியை இழுக்க, முதல் தோட்டா டிங்கெண்டு பெட்டிக்குள்ளை விழுந்ததாம். காலமை கிழவன் தானே ஏறி வந்து, தட்டுக்கு வைச்ச மாதிரித் தனக்கும் வைக்கச் சொல்லிக் குனிஞ்சு நெத்தியைக் காட்டினது. சந்தனமும் குங்குமமும் வைச்சு விட்டன். அப்பிடியே கழகத்துக்குப் போனது.

அது போனாப் பிறகு, அந்த மனிசன் வெல்ல வேணும், வெல்ல வேணும் எண்டு நான் சாமியிட்டைக் கேட்ட மாதிரி என்ரை வாழ்க்கையிலை ஒண்டும் கேட்டதில்லை.

பின்னேரம் கிழவன் வந்து கதிரையிலை இருந்தது. கடைசிக்கு முதல் இடமாம்.

"தோட்டா எல்லாம் திறம், துவக்கிலை ஒண்டும் இறுகேல்லை. என்ரை கண்தான் சரியில்லை" எண்டது. இனிச் சுடுறேல்லையாம். துவக்கு, மெசின் எல்லாத்தையும் கழகத்திலை ஒருத்தனுக்குக் குடுக்கப் போகுதாம். கீழை இடம் வரும், பிள்ளை வண்டிலை அங்கை விடுங்கோ எண்டது.

எனக்கு விளங்கேல்லை. இவரைக் கொண்டு கேப்பிச்சன்: "அப்ப நாளைக்குத் திங்கக்கிழமை? நாங்கள் போக வேண்டாமோ?"

கிழவன் எங்களை மாறி மாறிப் பார்த்தது.

"எங்கை போறியள்? நான் அப்பிடிச் சொன்னனானோ?"

முதல் நாள் இரவு முழுக்க நான் கண் மூடேல்லை. அந்த மனிசன் கோவத்திலை சொல்லிப்போட்டுக் கீழை போக முதலே மறந்திட்டுது. எனக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது, கடைசியிலை அழுகைதான் மிஞ்சினது. இவர் பயந்து போய்த் தண்ணி கொண்டு ஓடி வந்தார்.

கிழவன் போனாப் பிறகு கட்டிலுக்குக் கீழை கிடந்த சூட்கேசை இழுத்தன். எந்த நேரம் அறையை விட்டு எழும்பச் சொல்லுவாங்களோ எண்டு ஆடி மாசம் தொட்டு உடுப்பெல்லாம் அதுக்குள்ளைதான். ஒவ்வொண்டாய் எடுத்து உதறி மடிச்சு அலுமாரியிலை அடுக்கினன். பிள்ளைக்குத் தைச்ச சட்டையள் மேல்தட்டிலை. வெறும் சூட்கேசை இவரிட்டைக் குடுத்து, நிலவறையிலை கொண்டுபோய்ப் போடுங்கோ எண்டன்.