மீட்டிங் நேரத்தில் குரைக்கக் கூடாது

நாய் கையைக் கவ்வியபோது அவள் கத்தவில்லை. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியிருக்க வேண்டும். ஆனால் உள்ளே புருஷனுக்கு மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. அதனால் வந்த அலறலைத் தொண்டையிலேயே பிடித்து விழுங்கினாள். அந்த வீட்டில் ஊறிப்போன பழக்கம் அப்படி.

இரண்டு பேருமே காண்டிராக்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்கள், அதுவும் ஒரே டீமில். அவன் புரோகிராம் எழுதுவான், அவள் அதில் தப்பு கண்டுபிடிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகும் இந்த ஏற்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. நிலைமை சரியில்லை, நிலைமை சரியில்லை என்று கம்பெனிக்காரர்கள் ரொம்ப நாளாக ஒரே ராகத்தைப் பாடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தப்பு கண்டுபிடிப்பவர்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவனுடைய காண்டிராக்ட் மட்டும் மாதாமாதம் இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடியது.

அவள் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ரகம் இல்லை. வெளியூர் போகிறவர்களின் நாய்களை வாங்கி வைத்துப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் பூசிய இடத்தில் வரிசையாகக் கூண்டுகள் வந்தன. தொழில் நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு தொல்லை. வேலை பார்க்கிற வீட்டில் வேறு எந்தத் தொழிலும் நடக்கக் கூடாது என்று அவனுடைய காண்டிராக்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனவே நாய்கள் மீட்டிங் நேரத்தில் குரைக்கக் கூடாது. நாய்க்குக் காண்டிராக்டைப் படிக்கத் தெரியுமா? அவன் போனில் பேசும்போதெல்லாம் அவள் கூண்டுகளுக்கு நடுவே பிஸ்கட் பொட்டலத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு வாயாக அடைத்துக்கொண்டிருப்பாள்.

அன்று காலையில் அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னான். "இன்னைக்கு ஒரு சின்னச் சத்தம் கூட வரக் கூடாது. யாரு இருக்கணும், யாரு போகணும்னு இன்னைக்குத்தான் சொல்லப் போறாங்க."

"சரி, நாய்ங்க கிட்ட சொல்லிடறேன்."

அவன் சிரிக்கவில்லை.

"நான் விளையாடலை. இதுவும் போச்சுன்னா வாடகை கூடக் குடுக்க முடியாது."

முந்தின நாள் சாயங்காலம் ஒரு ஆள் புதிதாக ஒரு நாயைக் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தான். பழுப்பு நிறம், கன்றுக்குட்டி உயரம். கடிக்குமா என்று கேட்டதற்கு, "சேச்சே, குழந்தை மாதிரி" என்று அதன் தலையைத் தடவினான். என் நாய் கடிக்கும் என்று ஒத்துக்கொண்ட நாய்க்காரனை நான் இதுவரை பார்த்ததில்லை. குழந்தையின் பெயர் தங்கம்.

மீட்டிங் ஆரம்பித்ததுமே தங்கம் கூண்டுக் கம்பியில் உடம்பை மோத ஆரம்பித்தது. தடால், தடால் என்று தகரம் அதிர்ந்தது. பிஸ்கட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. கொஞ்சம் வெளியே நடக்க விட்டால் அடங்கும் என்று நினைத்துத் தாழ்ப்பாளை நீக்கினாள். கூண்டில் போடாமல் சும்மா சுற்ற விட்டிருந்த ஒரு குட்டை வெள்ளை நாயை அவள் அந்த நொடியில் மறந்துபோனாள்.

தங்கம் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் வெள்ளையின் கழுத்தைக் கவ்வித் தூக்கியது. வெள்ளை கீச்சென்று கத்தியது. இரண்டு நாய்கள் சண்டை போடும்போது நடுவில் கையை விடக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததில்லை. நாயைக் கொண்டுவந்து விடுகிறவர்களிடம் அவளே படித்துப் படித்துச் சொல்வாள். ஆனால் அந்தக் கீச்சுச் சத்தம் ஜன்னல் வரைக்கும் போய்விடுமே என்ற பயம் ஒன்றுதான் அப்போது மனதில் இருந்தது. கையை விட்டாள். வெள்ளை சாக்கடை ஓரமாகத் தொப்பென்று விழுந்தது, பிறகு அசையவில்லை. அதே வாய் அவளுடைய வலது முழங்கைக்குக் கீழே வந்து மூடியது.

ஜன்னல் அங்கிருந்து எட்டுகிற தூரம்தான். காற்றுக்காகப் பாதி திறந்து வைத்திருந்தான். காதில் ஹெட்போன், முகத்தில் மீட்டிங் சிரிப்பு. அவள் இடது கையைத் தூக்கி ஆட்டினாள். அவன் கடைக்கண்ணால் பார்த்தான். பார்த்துவிட்டு, லேப்டாப் பக்கம் திரும்பிய முகம் மாறாமல், ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்திக் காட்டினான். ஒரு நிமிஷம்.

நாய் தலையை உதறியது. உள்ளே எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. இந்த முறை விழுங்க முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள், அம்மா என்று கத்தினாள், வாயில் வந்ததையெல்லாம் கத்தினாள்.

அவன் திரும்பினான். இரண்டு பேர் கண்ணும் ஒரு கணம் சந்தித்தன. பிறகு அவன் கையை நீட்டி ஜன்னலை இழுத்துச் சாத்தினான்.

இதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் இதுதான் நடந்தது. நாய் குரைத்தால் ஜன்னலைச் சாத்துவது அவனுடைய கைக்குப் பழகிய வேலை. கை பழக்கத்தில் செய்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இனி யாரும் வரப்போவதில்லை என்பது மட்டும்தான் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் வலியைவிடப் பெரிதாக ஒரு ஆத்திரம் வந்தது.

இழுத்தால் சதை கிழியும் என்று தெரியும். இழுக்கவில்லை. நாயின் மேல் அப்படியே விழுந்தாள். முழங்காலை அதன் விலாவில் ஊன்றி, இடது கையைக் கழுத்துப் பட்டைக்குள் விட்டு முறுக்கினாள். அது கால்களால் அவள் வயிற்றைப் பிராண்டியது. ஜாக்கெட்டும் தோலும் சேர்ந்து கிழிந்தன. இன்னும் முறுக்கினாள். அதன் கண்கள் பிதுங்கின, ரத்தமும் எச்சிலும் அவள் முகத்தில் தெறித்தன. செத்துத் தொலை, செத்துத் தொலை என்று பல்லுக்கு நடுவே சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் அதை நாயிடம் மட்டும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் தாடை தளர்ந்தது. துவண்டு கிடந்ததைக் காலால் கூண்டுக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். சாகவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக்கு ஓடியிருக்கலாம். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிற நேரம்தான். அவள் ஓடவில்லை. கூண்டுக்கு முட்டுக் கொடுக்கிற இரும்புக் குழாயை இடது கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

முதல் அடியில் கண்ணாடி விரிசல் விட்டது. இரண்டாவது அடியில் மொத்தமும் மேஜை மேல் கொட்டியது. லேப்டாப் திரையில் கட்டம் கட்டமாக முகங்கள், அத்தனையும் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தன. தலைவிரி கோலமாக, முகமெல்லாம் ரத்தமாக, ஒரு கை தொங்க, ஒரு கையில் குழாயோடு நின்றாள்.

"என்னாச்சு" என்று அவன் கேட்டிருக்கலாம். எழுந்திருக்கலாம். அவளை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் கூடப் போதும். அவன் கை பாய்ந்து போய் லேப்டாப்பை மூடியது.

அந்தக் கை மேல் அவள் குழாயை இறக்கினாள். மூடி நொறுங்கியது, கூடவே விரல்களும் நொறுங்கின. அவன் அலறியதை அவள் கேட்டாள். நிம்மதியாக இருந்தது. பிறகுதான் ஜன்னலுக்குக் கீழே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் அடுத்தடுத்த கட்டில்களில் உட்கார வைத்தார்கள். நர்ஸ் கெட்டிக்காரி, கண்ணும் கையும் ஒன்றாக ஓடின.

"ரெண்டு பேரையுமா கடிச்சுது?"

"ஆமா" என்றான் அவன்.

நர்ஸ் அவன் கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். "பல் தடமே இல்லையே. நசுங்கின மாதிரி இருக்கு."

"கதவுல மாட்டிக்கிச்சு."

"கதவு இல்ல சிஸ்டர்" என்றாள் அவள். "நான்தான் அடிச்சேன். இரும்புக் குழாயால."

அவன் சட்டைக் கையை வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் நின்றது. நர்ஸ் அவளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள்.

"எதுக்கும்மா?"

அவள் வாயைத் திறந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. காண்டிராக்டிலிருந்தா, ஒரு நிமிஷம் என்று காட்டிய விரலிலிருந்தா? அதற்குள் அவன் பேசினான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"கூப்பிட்டா. எனக்குக் கேட்டுச்சு. நான் ஜன்னலைச் சாத்திட்டேன்."

கத்தரிக்கோல் மறுபடி ஓடியது. காதில் ஹெட்போன் இருந்தது, ஒன்றுமே கேட்கவில்லை என்று அவன் சொல்லியிருந்தால் ஊரே நம்பியிருக்கும், அவள் அம்மா முதற்கொண்டு. அதை அவள் வழி நெடுக எதிர்பார்த்துக்கொண்டேதான் வந்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் அந்த வார்டில் வேறொரு குழாயைத் தேடியிருப்பாள். ஆத்திரம் ஒரு இம்மி கூடக் குறையவில்லை. ஆனாலும் நர்ஸ் ஊசியோடு வந்தபோது, அவனை வேறு கட்டிலுக்கு மாற்றச் சொல்ல நினைத்திருந்தவள் சொல்லவில்லை.