கணவாய் தொட்ட விரல்

தையல்காரியைக் கடல்பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதே ஒரு பரிதாபத்தில்தான். விடுமுறை நாளில் வீட்டில் உட்கார்ந்து சுவரை முறைத்துக்கொண்டிருக்கிறாளே, காற்றாவது வாங்கட்டும் என்று புருஷன் நினைத்தார். அவள் கணவாய் மீன் பிடிப்பாள் என்று அவரும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. அவர் தம்பியோ அண்ணி வாளியைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று கிளம்பும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

தம்பிக்குக் கேப்டன் என்று பேர். ஆயுசில் ஒரு ஓடம் தள்ளியதில்லை. ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். எங்கேயோ தள்ளுபடியில் நங்கூரப் படம் போட்ட தொப்பி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டான், அன்றிலிருந்து கேப்டன். அன்றைக்குத் தொப்பி போதாதென்று புத்தம்புது வெள்ளைச் சட்டை வேறு. கணவாய் மை பீய்ச்சுமே என்று அண்ணன் கேட்டதற்கு, பிடிக்கத் தெரியாதவன் மேல்தான் மை படும், இத்தனை வருஷத்தில் என் மேல் ஒரு பொட்டு பட்டதில்லை என்று பாலமே கேட்கச் சொன்னான். வாய்க்கு வரி போட்டால் அவன் எப்போதோ ஓட்டாண்டி ஆகியிருப்பான்.

அவள் சுவரை முறைத்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்பு ஒட்டிவிட்டது. மாவுக்கட்டையும் பிரித்தாகிவிட்டது. பார்க்கிறவர்களுக்கு அது நல்ல கை. ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துக் கிடந்தன. நரம்பு நசுங்கியிருக்கிறது, உணர்ச்சி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார் டாக்டர். அதைச் சொல்ல அவ்வளவு படிப்பு எதற்கு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தையல்காரிக்குப் பாதிக் கண் விரல் நுனியில்தான் இருக்கிறது. துணி எத்தனை மடிப்பு, ஊசி எங்கே ஏறுகிறது, நூல் எங்கே சிக்குகிறது, எல்லாம் விரல் சொல்லித்தான் தெரியும். கட்டுப் பிரித்த கையோடு தையல்கடைக்குப் போய், ஒரு கல்யாணப் பெண்ணின் வெள்ளை உடுப்புக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தாள். ஊசி விரலில் ஏறி, வெள்ளைத் துணியில் ரத்தம் ஒரு பொட்டாக விழுந்திருந்தது. அவளுக்கு வலிக்கவே இல்லை. அந்தப் பொட்டை எடுக்கக் கடையே திரண்டு உப்பும் தண்ணீருமாகப் போராடியது.

கடைக்காரம்மா நல்ல மனுஷிதான். கத்தவில்லை. கடை முன்னால் நின்று, வருகிறவர்களுக்கு அளவு எடு என்று சொல்லிவிட்டாள். போன வாரம்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இவள் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"திங்கக்கிழமை புதுசா ஒரு பொண்ணு வர்றா. ஜன்னலோர மெஷினை அவளுக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். உனக்குக் கை சரியாயிடுச்சுன்னா அன்னைக்குக் காலையில சொல்லிடு. இல்லேன்னா மனசுல வச்சுக்காதேம்மா."

ஜன்னலோர மெஷின் அவள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து உட்கார்ந்த மெஷின். அதன் மிதிப்பலகையில் அவள் கால் தேய்த்த தடம் இருக்கிறது. அதில் வேறொருத்தி உட்காருவதைப் பார்த்துக்கொண்டு, முன்னால் நின்று இடுப்பளவு எடுப்பதா? இன்றைக்குச் சனிக்கிழமை. விரல்கள் மரத்த கதை வீட்டில் புருஷனுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம் கை தேவலை என்று சொல்லி வைத்திருந்தாள். யாராவது "ஐயோ பாவம்" என்றால் அவளுக்கு ஆகாது.

இரண்டு மூன்று நாளாக ஆள்காட்டி விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. அதைப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லி, அதுவும் நின்றுபோனால் என்ன செய்வது என்று பயம்.

பாலத்துக் கைப்பிடிக் கம்பியோரம் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். பொழுது சாயும் நேரம்தான் கணவாய் கரையோரம் வரும் என்றான் கேப்டன். வாளி பார்க்க வந்தவள் வாளியையே பார்த்துக்கொண்டு நிற்பாளா? ஒரு கோலை எடுத்து, எப்படிப் போடுவது என்று கேட்டாள். கேப்டனுக்குக் கேட்பானேன், பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டான். தூண்டில் நுனியில் புழு கிடையாது. இறால் மாதிரி ஒரு பொம்மை. அதன் வாலைச் சுற்றி மேல்நோக்கி வளைந்த ஊசிகள். பொம்மையை மூழ்கவிட்டு, கோலை இரண்டு தரம் சுண்டி, மறுபடி மூழ்கவிட வேண்டும். அது மூழ்கும்போதுதான் கணவாய் வந்து கட்டிக்கொள்ளும்.

"மீன் மாதிரி வெடுக்குன்னு இழுக்காது அண்ணி. சும்மா வந்து ஒட்டிக்கும், அவ்வளவுதான். கோலைப் பார்த்தா தெரியாது. நூலை ஆள்காட்டி விரல் மேல போட்டுக்குங்க. விரல்லதான் தெரியும்."

புருஷன் சட்டென்று நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், எந்த விளக்குக்கு நிற்க வேண்டும் என்று தெரியும். அவள் நூலை வலது கை ஆள்காட்டி விரலின் மேல் போட்டாள். நூல் விரலில் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை.

முதல் வீச்சில் பொம்மை இறால் கடலுக்குப் போகாமல் கேப்டனின் தொப்பியைக் கவ்வியது. இரண்டாவது வீச்சில் பாலத்துத் தூணில் மாட்டியது. மூன்றாவதில் ஒரு பாரம் வந்தது. எல்லோரும் எட்டிப் பார்க்க, ஒரு கொத்துக் கடல்பாசி மேலே வந்தது. இதைக் கூட்டு வைக்கலாமே அண்ணி என்றான் கேப்டன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நானாவது வாயை மூடிக்கொண்டு ஆடுகிறேனே என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற மருந்துக்கடைக்காரர், பேசினால் கணவாய் ஓடிவிடும் என்று நம்புகிற மனிதர், அவர்கூட சிரித்துவிட்டார்.

சூரியன் இறங்கியது. பாலத்து விளக்குகள் எரிந்தன. மருந்துக்கடைக்காரர் ஒன்று தூக்கினார், கேப்டன் இரண்டு தூக்கினான். அவன் சட்டையில் நிஜமாகவே ஒரு பொட்டு மை இல்லை. அவள் சுண்டினாள், மூழ்கவிட்டாள், மறுபடி சுண்டினாள்.

அப்போது விரலில் ஏதோ நடந்தது. இழுப்பு என்று சொல்ல முடியாது. தைத்துக்கொண்டிருக்கும் துணியின் மறுமுனையில் ஒரு குழந்தை வந்து உட்கார்ந்தால் ஒரு கனம் வருமே, அது. வந்தது மணிக்கட்டில் இல்லை, முழங்கையில் இல்லை. ஆள்காட்டி விரலில் வந்தது.

உடனே அவள் கை ஒரு காரியம் செய்தது. நூல் இறுகினால் தையல்காரி என்ன செய்வாள்? தளர்த்துவாள். இறுகின நூல் அறுந்துபோகும், இத்தனை வருஷமாக அந்தக் கைக்குத் தெரிந்த வேதம் அதுதான். அவளைக் கேட்காமலே கை கோலைத் தாழ்த்தி நூலை விட்டுக்கொடுத்துவிட்டது. கனம் போய்விட்டது.

கேப்டன் தலையில் கை வைத்தான். அந்த ஊசிகளுக்கு மாட்டியதைக் கழலவிடாத எதிர்முள் கிடையாது, நூல் ஒரு கணம் தளர்ந்தால் போதும், கணவாய் கழன்றுகொள்ளும், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று புலம்பினான். அவள் காதில் ஒன்றும் விழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சுதுங்க," என்றாள் புருஷனிடம்.

அவர் கிட்ட வந்தார். "எந்த விரல்ல?"

அவள் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். அவர் கவிழ்த்துப் போட்டிருந்த காலி வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்து, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். கணவாய் போனதற்கு ஒருத்தி சிரிக்கிறாள், ஒருத்தர் மூக்கை உறிஞ்சுகிறார். நம் குடும்பத்துக்கு என்னமோ ஆகிவிட்டது என்று கேப்டன் மருந்துக்கடைக்காரரிடம் சொன்னான்.

ஆனால் சிரிப்பு அடங்கினதும் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. நிஜமாகத் தெரிந்ததா, இல்லை நூல் அசைந்ததைக் கண் பார்த்து, விரலுக்குத் தெரிந்ததாக மனசு கதை கட்டியதா? ஆசை வந்தால் மனசு எந்தப் பொய்யும் சொல்லும். திங்கட்கிழமை கடைக்காரம்மாவிடம் போய், தெரிந்த மாதிரி இருந்தது என்றா சொல்வது? இன்னும் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். பார்த்து என்றால், பார்க்காமல்.

பொம்மையை வீசினாள். இந்த முறை கேப்டன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றான். அது மூழ்கத் தொடங்கியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். சுண்டினாள். காத்திருந்தாள். அலை தூணில் மோதும் சத்தம், யாரோ ரீலைச் சுற்றும் சத்தம். ஒன்றும் இல்லை. மறுபடி சுண்டினாள். ஒன்றும் இல்லை. கேப்டன் கொட்டாவி விட்டான். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டான். புருஷன், "சும்மா இருடா," என்றார். அண்ணன் அப்படி அதட்டி அவன் கேட்டதே இல்லை.

அவள் இன்னும் ஒரு தரம் சுண்டி, மூழ்கவிட்டாள். நூல் விரல் மேல் மெல்ல ஓடியது. ஓடுவது தெரிந்தது. அது நின்றதும் தெரிந்தது. பிறகு மறுமுனையில் அந்தக் குழந்தை வந்து உட்கார்ந்தது.

"வந்துடுச்சு," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

நூல் அசையவே இல்லையே என்று கேப்டன் சொல்லி முடிப்பதற்குள் கோல் வளைந்தது. கை பழைய புத்தியில் தளர்த்தப் போனது. புதிதாகத் தையல் கற்க வருகிறவளை அதட்டுவது போலத் தன் கையைத் தானே அதட்டினாள்: விடாதே, அறுந்தால் அறுந்து போகட்டும், இறுக்கிப் பிடி. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். கீழே இருந்தது தண்ணீரை உமிழ்ந்து உமிழ்ந்து பின்னால் பாய்ந்தது. ஒவ்வொரு பாய்ச்சலும் விரலில் தனித்தனியாக விழுந்தது. மணிக்கட்டு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து நீளக் கம்பு வலையை இறக்கினார். மேலே வந்ததைப் பார்த்துப் பாலமே கூடிவிட்டது. அவள் முழங்கை நீளம் இருந்தது அது, உடம்பெல்லாம் பழுப்பும் சிவப்புமாக நிறம் மாறி மாறி ஓடியது. கேப்டனுக்குத் தாங்கவில்லை. இருங்க அண்ணி, இதையெல்லாம் பழகினவங்கதான் தொடணும் என்று முன்னால் குனிந்து பொம்மையைக் கழற்றப் போனான். கணவாய் அவனைப் பார்த்து ஒரே ஒரு தரம் பீய்ச்சியது.

காலரிலிருந்து பெல்ட் வரை கறுப்பு. அவன் துள்ளி விலகியதில் பொம்மையின் ஊசி சட்டைக் கையில் மாட்டி, முழங்கை வரை கிழித்துக்கொண்டு போனது. மூக்கு நுனியிலிருந்து மை சொட்டச் சொட்ட அவன் நின்ற நிலையைப் பார்த்து, பேசாத மருந்துக்கடைக்காரர் பேசினார்.

"பிடிக்கத் தெரியாதவன் மேலதானே கேப்டன் படும்?"

பாலம் முழுக்கச் சிரித்தது. அவனும் கடைசியில் சிரித்துவிட்டான். தொப்பியைக் கழற்றி அண்ணி தலையில் வைத்து, இனிமேல் நீங்கதான் கேப்டன், வாளியை நான் தூக்குகிறேன் என்றான். தூக்கவும் செய்தான். அவள் அந்தத் தொப்பியோடுதான் தெருவில் நடந்து வந்தாள். யார் பார்த்தால் என்ன என்று இருந்தது.

வீடு வந்ததும் அந்தச் சட்டையைக் கழற்றிக் கொடு என்று கேட்டாள். மை எவ்வளவு துவைத்தும் சாம்பல் நிறத்தில் தங்கிவிட்டது. அது போகாது. மறுநாள் காலையில் கிழிசலோடு உட்கார்ந்தாள். முன்பெல்லாம் பேசிக்கொண்டே முடித்துவிடுகிற வேலை. இப்போது கட்டைவிரல் இன்னும் பாதித் தூக்கத்தில் இருந்தது. ஊசியில் நூல் கோப்பதற்குள் காபி ஆறிவிட்டது. துணியிலிருந்தே இழை உருவி, கிழிந்த ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, இழைக்கு இழை பின்னிக்கொண்டு போனாள். பாதி வழியில் ஊசி ஆள்காட்டி விரலில் குத்தியது.

"ஆ," என்று கத்திவிட்டாள்.

புருஷன் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு, புதுச் சட்டை கிடைத்த குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்குதுங்க," என்றாள். "நல்லா வலிக்குது."

திங்கட்கிழமை காலையில் அவள் கடைக்குப் போனாள். மடித்த சட்டையைக் கடைக்காரம்மா முன்னால் வைத்தாள். முழங்கை வரை கிழிந்தது, நேற்று தைத்தேன், பாருங்கள் என்றாள். கடைக்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டையின் வலது கையைத் திருப்பினாள், இடது கையைத் திருப்பினாள், உள்பக்கம் புரட்டினாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். புதிதாக வந்த பெண்ணும் வந்து எட்டிப் பார்த்தாள்.

"மைதான் தெரியுது. கிழிசல் எங்கம்மா?"

"தேடுங்க," என்றாள் தையல்காரி. ஜன்னலோர மெஷினின் உறையை எடுத்து மடித்து வைத்தாள். "எனக்கு நேரமாச்சு."

அவள் உட்கார்ந்து காலை மிதிப்பலகையில் வைத்தாள். அவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள்.