லியென் காத்த துக்கம்

"அம்மா, முதல் கண்ட ஆள்தான் மூத்த பிள்ளை எண்டால், ஒருத்தரும் காணாத ஆளுக்கு ஆர் மூத்த பிள்ளை?"

1987ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை, லண்டன் பிளேஸ்டோவிலிருந்த ஒரு தையல் பட்டறையில் ஆறு வயது நிர்மலா இப்படிக் கேட்டாள். கொலர் தைத்துக்கொண்டிருந்த அவள் தாய் டொலறஸ் மெஷினை நிறுத்தினாள்.

பிள்ளையின் தலைக்குள் இதைப் போட்டது பக்கத்து மெஷின் லியென். ஐம்பது வயது வியட்நாம்காரி. அவருடைய இங்கிலிசும் டொலறஸின் இங்கிலிசும் சேர்ந்தால்தான் ஒரு முழு வசனம் தேறும். ஆனாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லியென் தன் கரையைப் பற்றி ஓயாமல் சொல்வார். சைகோனுக்குக் கிழக்கே பின் துவான் மாகாணம். அதன் பட்டினம் ஃபான் தியெட். நாட்டிலேயே மழை குறைந்த இடம் என்பார். சிவப்பு மணல் மேடுகள் காற்றுக்கு இடம் மாறும். படகுகளின் முகப்பில் கண் வரைந்திருக்கும். டொலறஸின் ஊரான மன்னாரில் நெத்தலியைக் காயப்போடுவார்கள். லியெனின் கரையில் அதை உப்போடு சேர்த்து ஆளுயர மரப்பீப்பாய்களில் அடைத்து, ஒரு வருடம் பொறுத்து, அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக மீன்சாறு எடுப்பார்கள். லியென் வீட்டில் பதினொரு பீப்பாய்கள் இருந்தன. யுத்தம் முடிந்தபின் அரசாங்கம் எடுத்துக்கொண்டது.

அன்று பிள்ளைக்கு அவர் சொன்னது திமிங்கிலத்தின் கதை. அந்தக் கரையில் திமிங்கிலத்தைப் பேர் சொல்ல மாட்டார்கள், பெரியவர் என்பார்கள். புயலில் படகைத் தாங்கிக் கரை சேர்ப்பவர் அவர். செத்துக் கரையொதுங்கினால், உடலை முதலில் காண்பவர்தான் அவருக்கு மூத்த பிள்ளை. பெற்ற தகப்பனுக்குப்போல் தலையில் வெள்ளைத் துணி கட்டி மூன்று வருடம் துக்கம் காக்கவேண்டும். பிறகு எலும்புகளைக் கோயிலில் சேர்ப்பார்கள்.

நிர்மலா கேட்டது திமிங்கிலத்தைப் பற்றி அல்ல. அவள் தகப்பன் பெனடிக்ற் 1985 செப்டெம்பரில் பேசாலையில் வள்ளம் ஏறினவன். இராமேஸ்வரம் போய், அங்கிருந்து லண்டன் வந்து, தனக்கு முன்னே வந்துவிட்ட மனைவியோடும் பிள்ளையோடும் சேர்வதாக ஏற்பாடு. வள்ளம் அக்கரைக்குப் போகவில்லை. இக்கரைக்கும் திரும்பவில்லை. மண்டபம் அகதி முகாமுக்கு டொலறஸ் எழுதிய ஒன்பது கடிதங்களுக்கும் ஒரே பதில்: அப்படி ஒருவர் இங்கு பதியப்படவில்லை.

கார்த்திகை மாதம் ஆத்துமாக்களுக்காகப் பங்குச் சுவாமி பூசை வைக்கும்போது, மாதா கோயிலில் எல்லோரும் தங்கள் இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். டொலறஸ் கொடுப்பதில்லை. பேர் கொடுத்தால் ஆள் செத்ததாகிவிடும். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. செத்துப்போனார் என்ற அந்த ஒரு சொல் தன் வாயால் வராமலிருந்தால் போதும்.

"சாப்பிடு," என்றாள் மகளிடம். பக்கத்து மெஷினிலிருந்து லியென் என்னவென்று கேட்க, பிள்ளை தகப்பனின் பேரோடு அதையே இங்கிலிசில் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை லியென் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். நேரே டொலறஸிடம் வந்து, இரண்டு நாள் யோசித்துச் சேர்த்த இங்கிலிசில் சொன்னார்: "ஆரும் காணவில்லை. ஆனால் நான் கேள்விப்பட்டேன். உன் புருஷனுக்கு இனி நான் மூத்த பிள்ளை."

பட்டறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. டொலறஸ் எழுந்து அந்தத் துணியைப் பிடித்து இழுத்தாள். சில தலைமயிர்களும் சேர்ந்து வந்தன.

"என்ர மனுசனைச் சாக்காட்ட நீ ஆரடி?"

தமிழில்தான் கத்தினாள். லியெனுக்கு விளங்கியது. குனிந்து துணியை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். அந்தக் கிழமைக் கடைசியில் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்.

நம்மிடம் வரும் அன்பு நமக்குத் தெரிந்த உடுப்பில்தான் வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். டொலறஸையும் குற்றம் சொல்ல முடியாது. மூழ்குகிறவள் எதையாவது பிடித்துக்கொண்டிருப்பாள். அதைத் தட்டிவிட்ட கையில் இரக்கம் இருந்ததா என்று பார்க்க மாட்டாள்.

வருடங்கள் போயின. தொலைபேசி அடித்தால் எழுந்து ஓடுவது நின்றது. பிறகு அடிக்கும் என்று நினைப்பதும் நின்றது. செபமாலை சொல்லும்போது பாதியில் வாய் ஓய்ந்துவிடும். அது விசுவாசக் குறைவல்ல, களைப்பு. தாலியைக் கழற்றவுமில்லை, தொட்டுப் பார்க்கவுமில்லை. நிர்மலா தகப்பனைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள்.

1993இல் ஒரு நாள், பட்டறையில் பட்டன் தைக்கும் றோஸ்மலர் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"என்னடி டொலறஸ், உன்ர சண்டைக்காரிக்குப் பாரிசவாதமாம். ஆசுப்பத்திரியில கிடக்கிறா. கொண்டவர், பிள்ளையள் ஒருத்தரும் இல்லைத்தானே."

"எனக்கென்ன?"

"உனக்கென்னவோ! மற்றப் பட்டறையில நான் அவவோட மூண்டு வருஷம் இருந்தனான். ஒரு கலியாண வீடு, ஒரு புதுவருஷச் சாப்பாடு, ஒண்டுக்கும் போகமாட்டா. ஏன் எண்டு கேட்டால், அப்பா செத்த துக்கமாம். அம்பது தாண்டின மனுசிக்கு எந்த அப்பா? பேரைக் கேட்டன். பெனடிக்ற் எண்டா. நான் சிரிச்சுப்போட்டன்டி. பிறகுதான் விளங்கினது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் என்ர மயிரையும் பிடுங்கியிருப்பாய்."

டொலறஸ் சிரிக்கவில்லை. கையிலிருந்த கொலரைத் தலைகீழாகத் தைத்துவிட்டு, பிரித்து, மறுபடியும் தலைகீழாகவே தைத்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் ஆசுப்பத்திரிக்குப் போனாள். "உறவா?" என்று நர்ஸ் கேட்டாள். "கூட வேலை செய்தனான்," என்றாள். கடைசிக் கட்டிலில் லியென் வலப்பக்கம் முழுவதும் செயலற்று, கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கூப்பிட்டால் கண் திரும்பவில்லை. ஆளை அடையாளம் மட்டுப்பிடிப்பதில்லை, பேச்சும் இல்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனாள். தலைமயிர் சடை பிடித்து, வியர்வை நாற்றம் அடித்தது. நேரமில்லாத இடத்தில் முதலில் விடுபடுவது தலைமயிர்தான்.

டொலறஸ் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள். கிண்ணத்தில் இளஞ்சூடாகத் தண்ணீர் பிடித்தாள். ஒரு கையால் கழுத்தைத் தாங்கி, மறுகையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். மூன்று தரம் தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. துவாயால் ஒற்றி, சிக்குகளை நுனியிலிருந்து மேலே மேலே எடுத்தாள், ஒரு மயிரும் இழுபடாமல்.

பின்னி முடித்தபோது குனிந்து, காதோடு, தமிழில் சொன்னாள்.

"அவர் செத்துப்போனார், அக்கா. எட்டு வருஷம். நீங்கள் துணி கட்டிக்கொண்டு வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும்."

லியெனின் கண் கூரையிலேயே இருந்தது. கேட்டதற்கு ஒரு அடையாளமும் இல்லை. டொலறஸ் ஈரத் தலையணை உறையை மாற்றினாள். கிண்ணத்தைத் துடைத்து எடுத்த இடத்தில் வைத்தாள். திரையைத் திறந்துவிட்டு, நர்ஸ் திரும்பி வருமுன் படியிறங்கினாள்.