நாலு நிமிஷத்துக்கு ஒரு ‘ம்’

செம்மொழிக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. வினையே அதுதான். மூளை ஒரு பிடி குறைவாக இருந்திருந்தால் இந்தத் தலைகுனிவு அவளுக்கு வந்திருக்காது.

தஞ்சாவூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், விடுதி வாசம். சொந்த ஊர் கீழ்வேளூர் பக்கம் கடைமடைக் கிராமம். ஆற்றுத் தண்ணீர் மற்ற ஊருக்கெல்லாம் பாய்ந்து, மிச்சம் மீதி இருந்தால் எட்டிப் பார்க்கும் இடம். அண்ணன் இளஞ்செழியன் கத்தாரில் எலக்ட்ரீஷியன். பிள்ளைகளுக்கு இப்படிப் பெயர் வைத்த அப்பா துரைராசு மேடைப் பேச்சு கேட்டே வளர்ந்த மனிதர் என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

அண்ணனும் தங்கையும் மனம்விட்டுப் பேசிக்கொள்ளும் இடம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. கட்டை கட்டையாக அடுக்கி வீடு, மலை, ஊர் என்று எதை வேண்டுமானாலும் கட்டலாம். கத்தாரில் அவன் அறையில் எட்டுப் பேர். போனில் வாயைத் திறந்தால் எட்டுப் பேருக்கும் கேட்கும். விளையாட்டுக்குள் வந்து ஓரத்தில் எழுதிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. அன்று சாயங்காலம் இவளும் வந்துவிடுவாள்.

ஆடி மாதத்தில் இருவருமாகச் சேர்ந்து அதில் ஒரு பூதப் பண்ணை கட்டினார்கள். கோழிப் பண்ணை தெரியும், இறால் பண்ணை தெரியும், இது என்ன கூத்து என்பீர்கள். உயரத்தில் இருட்டறை கட்டினால் அதற்குள் பூதங்கள் தானாக முளைக்கும். தண்ணீரைத் திறந்துவிட்டால் அவற்றை அடித்துக்கொண்டு போய் நடுக்குழியில் தள்ளும். விழுந்து குற்றுயிராகக் கிடப்பதைக் கீழே நின்று ஒரு வெட்டு வெட்டினால் எலும்பும் வெடிமருந்தும் பெட்டியில் வந்து சேரும்.

செம்மொழி முதலில் இருபது கட்டை நீளத்துக்கு வாய்க்கால் வெட்டினாள். ஊரில் பார்த்த வாய்க்கால் அப்படித்தானே நீளும்? அந்த விளையாட்டிலோ தண்ணீர் எட்டாவது கட்டையோடு நின்றுவிடும். நின்றுவிட்டது. அண்ணன் எழுதினான்: “பாத்தியா பாப்பா, இங்கயும் கடைமடைக்குத் தண்ணி வரல!” விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைப் பெண் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பண்ணையில் ஒரே தொல்லை. ஆள் பக்கத்தில் நின்றால்தான் பூதம் முளைக்கும். சும்மா நின்றாலும் ஆகாது. ஐந்து நிமிடம் அசையாமல், பேசாமல் இருந்தால் தூங்கிவிட்டாய் என்று விளையாட்டு வெளியே தள்ளிவிடும். இங்கேதான் நம் மூளைக்காரி வேலையைக் காட்டினாள். ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். அது நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை கத்தியை வீசும், ஓரத்தில் எழுதிக்கொள்ளும் பேச்சுப் பெட்டியில் ‘ம்’ என்று ஒரு வார்த்தை போடும். ஏன் ‘ம்’? ரெண்டே தட்டில் முடிகிறதே, அதனால்தான். அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. ‘எப்படிடி இவ்வளவு சேர்ந்துச்சு’ என்று அவன் வாயைப் பிளப்பதைப் பார்க்க ஆசை.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. தோழி வானதியின் பிறந்தநாள், பிரியாணிக் கடைக்குப் போகக் கூட்டமாகக் கிளம்பினார்கள். அண்ணன் வருகிற நாள் என்பது அவளுக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மன்னித்துவிடலாம். ‘வந்தா வரட்டும், ஆள்தான் நிக்குதே’ என்று புரோகிராமை ஓடவிட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்து பண்ணைப் பெட்டியைத்தான் திறந்து பார்த்தாள். வெடிமருந்து நிறைந்து கிடந்தது. பேச்சுப் பெட்டிப் பக்கம் கண்ணே போகவில்லை.

அடுத்த இரண்டு வெள்ளியும் அண்ணன் வரவில்லை. மூன்றாவது வெள்ளி, மதிய இடைவேளையில் அப்பாவிடமிருந்து போன் வந்தது.

“ஒங்கண்ணன் வந்து எறங்கிட்டான். வேலைய விட்டுட்டு வந்துட்டானாம். ஒன்னக் கேட்டுக்கிட்டுதான் வந்தேங்கறான். நீ சரின்னியாமே? பெரிய மனுஷி ஆயிட்டியோ?”

“நானா? நான் எப்பப்பா...”

சொல்லும்போதே அவளுக்கு அந்தப் பிரியாணி வெள்ளிக்கிழமை பொறி தட்டியது. விடுதிக்கு ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்து அந்த நாளின் பேச்சைத் தேடி எடுத்தாள்.

அவன் ஒரு மணி நேரம் எழுதியிருந்தான். வெயிலில் வேலைத்தளத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்தது. ‘ம்’. இரண்டாம் தடவை விழித்தபோது அரை நிமிடம் தன் பெயரே ஞாபகம் வராமல் கிடந்தது. ‘ம்’. வீட்டுக்கு வீடியோ கால் போடும்முன் முகத்தைக் கழுவிச் சிரித்துப் பார்த்துக்கொள்வது. ‘ம்’. அப்புறம், “முடியல பாப்பா. வந்துடவா?” என்று ஒரு வரி. அதற்கடுத்து, சொல்லி வைத்த மாதிரி, ‘ம்’.

கடைசியாக, “நீ சொன்னது போதும். போயிட்டு வரேன்” என்று எழுதியிருந்தான்.

அந்த நேரத்தில் தான் வானதியின் முகத்தில் கேக்கைத் தடவிக்கொண்டிருந்தது செம்மொழிக்கு ஞாபகம் வந்தது. நல்ல வேளை, அறையில் யாரும் இல்லை. வெட்கத்தில் காது மடல்வரை எரிந்தது.

மறுநாள் காலை பஸ் ஏறி, திருவாரூரில் மாறி ஊருக்குப் போனாள். வாசலிலேயே அப்பா பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இருந்திருப்பான்ல?”

“அவளத் திட்டாதீங்கப்பா,” என்று உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. “அவ ஒருத்திதான் நான் சொன்னதக் காது குடுத்துக் கேட்டா.”

அந்த வார்த்தைக்குப் பதில் செருப்பால் ஒன்று போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ‘நான் சொல்லவே இல்லை, அது மெஷின்’ என்றால் அப்பாவின் திட்டிலிருந்து தப்பிக்கலாம். ஆனால் இந்த உலகத்தில் தன்னை ஒருத்தி கேட்டாள் என்று நம்பி விமானம் ஏறி வந்தவனுக்கு அப்புறம் என்ன மிஞ்சும்? சொல்லாவிட்டாலோ, செய்யாத நன்றிக்குக் காலமெல்லாம் கும்பிடு வாங்க வேண்டும். தட்டில் போட்ட சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

அண்ணன் மண்வெட்டியோடு நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்கக் கிளம்பினான். பின்னாலேயே போனாள். ஆள் பாதியாக இளைத்திருந்தான். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகும். வீடியோவில் இதெல்லாம் எப்படித் தெரியாமல் போயிற்று என்று நினைத்தாள். பார்த்தால்தானே தெரியும்.

வாய்க்கால் மடையில் அவன் குனிந்தபோது சொல்லிவிட்டாள்.

“அண்ணே, அன்னிக்கி நான் அங்க இல்லண்ணே. பிரியாணி திங்கப் போயிட்டேன். அந்த ‘ம்’ எல்லாம் புரோகிராம் போட்டது. நாலு நிமிஷத்துக்கு ஒண்ணு. நான் ஒரு வரிகூடப் படிக்கல. நேத்திக்குத்தான் படிச்சேன்.”

அவன் நிமிரவில்லை. மடையை வெட்டிவிட்டான். தண்ணீர் நாற்றங்காலுக்குள் பாய்ந்தது.

“தெரியும்,” என்றான்.

“என்னது?”

“மொத ரெண்டு ‘ம்’ நீதான்னு நெனச்சேன். மூணாவதுலயே தெரிஞ்சுபோச்சு. நாலு நிமிஷம், ஒரு செகண்டு முன்ன பின்ன இல்ல. நான் டைமர் மாட்டுற வேல பாக்குறவன் பாப்பா.”

“தெரிஞ்சுமா அவ்வளவும் எழுதுனே?”

“யாருகிட்டயாவது சொல்லணும்ல. அறையில எட்டுப் பேரு, அவனவன் பாடு அவனவனுக்கு. வீட்ல சொன்னா அம்மா தாங்காது. அது ‘ம்’முன்னாவது சொல்லுதேன்னு இருந்துச்சு.” முகத்தைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டான். “யாராவது சரின்னாதான் கெளம்பவும் முடியும், அப்பாகிட்டச் சொல்லவும் முடியும். வந்துடவான்னு கேக்குறப்ப மட்டும் மணி பாத்துக்கிட்டேன். அடுத்த ‘ம்’ வர்றதுக்குப் பத்து செகண்டு இருந்துச்சு. அப்பக் கேட்டேன்.”

செம்மொழி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டினால் அழுதுவிடலாம், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் தயார் செய்து வைத்திருந்தாள். இதற்கு ஒரு தயாரிப்பும் இல்லை. கூடப் பிறந்தவன் ஒரு ‘ம்’முக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான். அவமானம் என்றால் என்ன என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள்.

“சீ, எந்திரி. சேறு ஒட்டும்.”

“மொதல்லேருந்து சொல்லுண்ணே,” என்றாள் தலையைத் தூக்காமல். “எப்ப விழுந்தே? யாரு தூக்குனா? எல்லாத்தையும் சொல்லு.”

அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மண்வெட்டியைக் குறுக்கே வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். வைகாசியில் ஒரு புதன்கிழமை, நாலாவது மாடி, தண்ணீர் பாட்டில் கொதித்துக்கொண்டிருந்தது என்றான். நிறுத்தி அவளைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த எழுத்து வாய்க்குள் வந்து வந்து திரும்பிப் போயிற்று. இனி எந்த முகத்தோடு அதைச் சொல்வது?

“ம் கொட்டு பாப்பா,” என்றான் இளஞ்செழியன். “இல்லாட்டி எனக்குச் சொல்ல வராது.”