மாப்பிள்ளை படத்தைத் திட்டியது

எங்கள் விமர்சகர் சங்கத்தில் ஆண்டின் சிறந்த படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வயதில் மூத்தவன் முதலில் பேச வேண்டும் என்பது மரபு. மூத்தவன் நான்தான். நான் சொல்வதற்கு நேர்மாறாக மற்றவர்கள் கை தூக்க வேண்டும் என்பது எழுதாத மரபு. காரணம் இல்லாமல் இல்லை. ஒருமுறை நான் பாராட்டிய படம் மறுநாளே தியேட்டரை விட்டு ஓடியது. பின்னாலேயே தியேட்டரும் ஓடிவிட்டது. இப்போது அங்கே மரக்கடை இருக்கிறது. ஒரு நடிகர் வீடு தேடி வந்து, “ஐயா, நான் புள்ளகுட்டிக்காரன், என்னைப் பத்தி நல்லதா மட்டும் எழுதிடாதீங்க” என்று காலில் விழுந்தார்.

இந்த வருஷம் போட்டியில் என் மாப்பிள்ளை எடுத்த படமும் இருந்தது. மகள் வந்து நின்றாள்.

“அப்பா, விருது வரலைன்னா இவர் படம் எடுக்கறதையே விட்டுடப் போறாராம்.”

“நல்ல விஷயம்தானே?”

“விட்டுட்டு விமர்சனம் எழுதப் போறாராம்.”

வீட்டுக்கு ஒரு விமர்சகன் போதும். அதுவே அதிகம் என்பது என் மனைவியின் கட்சி.

“கவலைப்படாதே. படத்தைக் கிழி கிழின்னு கிழிச்சிடறேன்.”

“பெத்த பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போடாதீங்கப்பா!”

எழுதாத மரபை விளக்கினேன். அவள் முகம் மலர்ந்தது. “அப்போ நல்லாவே திட்டுங்க. முடிஞ்சா என் மாமியாரையும் சேர்த்துக்குங்க.”

சங்கத்தின் கூட்டம் பிரிவியூ தியேட்டரின் மாடி அறையில். நீள மேஜை, கிறீச்சிடும் மின்விசிறி, நமத்துப்போன பிஸ்கட். எதிரே கொட்டாவி உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வார இதழின் விமர்சகர். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாயை மூடமாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

செயலாளர் மாப்பிள்ளை படத்தின் பெயரைச் சொன்னதும் எழுந்தேன்.

படம் இதுதான்: கதாநாயகன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறான். இடைவேளை வரை பஸ் வரவில்லை. இடைவேளைக்குப் பிறகு வந்தது, அவன் ஏறவில்லை.

கடமைக்குத் திட்டிவிட்டு உட்காரத்தான் நினைத்தேன். ஆனால் மற்ற படங்களை நான் தியேட்டரில் மட்டும்தான் பார்த்தவன். இதை மாப்பிள்ளை எழுதிய நாள் முதல் சாப்பாட்டு மேஜையில் எனக்குப் படித்துக் காட்டினார். வாயில் சோறு இருந்ததால் அன்றைக்கெல்லாம் பதில் சொல்ல முடியவில்லை. சேர்த்து வைத்ததெல்லாம் இப்போது அடிவயிற்றிலிருந்து மடை திறந்த மாதிரி வந்தது. “இந்தப் படத்துல புத்தியுள்ள ஒரே பாத்திரம் அந்த பஸ்தான், இடைவேளை வரைக்கும் வராம இருந்துச்சு” என்றேன். மின்விசிறிகூடச் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கேட்டது. கொட்டாவி வாயை மூடினார். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சொந்த மாப்பிள்ளைன்னும் பார்க்கலையே மனுஷன்!”

“இதுதாங்க விமர்சனம்!”



“இந்தப் படத்துக்கு விருது கொடுக்கலாம்கிறவங்க கை தூக்குங்க” என்றார் செயலாளர். ஒரு கைகூட எழவில்லை. வாழ்நாள் முழுக்க என்னை எதிர்த்தவர்கள் அன்றைக்குப் பார்த்துத்தான் ஒத்துப்போனார்கள். என் கையைப் பாதி தூக்கினேன்.

“என்ன பெரியவரே, அக்குள்ல அரிப்பா?” என்றார் கொட்டாவி.

“ஆமா” என்று சொறிந்துகொண்டு இறக்கினேன்.

விருது, நான் பார்க்கும்போது தூங்கிவிட்ட ஒரு படத்துக்குப் போனது.

அடுத்த பிரிவியூவில் பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை. கையில் விளக்கு வைத்த பேனா. எனக்கே அப்படி ஒன்று கிடையாது.

“எப்படி இருந்தது மாப்பிள்ளை?”

“முதல் காட்சியிலேயே செத்துப்போச்சு மாமா.”

அப்போது படத்தின் தலைப்புதான் ஓடி முடிந்திருந்தது.

வீட்டில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு எழுதினார். மகள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். “கல்யாணம் ஆனதுலேர்ந்து இவர் இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பார்த்ததே இல்லை” என்றாள். குரலில் மட்டும் சந்தோஷம் இல்லை.

பிறகு இருவருக்கும் தட்டு வைத்துப் பரிமாறினாள். முதல் வாய் உள்ளே போனது. நானும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமினோம்.

அவள் கரண்டியை ஓங்கிக் காட்டினாள். சாப்பிட்டோம்.